மரபணுவுக்கு முறை தெரியாது

உறவும் உடலும் – 9

சொந்தத்தில் சம்பந்தம் பேசும் வீடுகளில் இப்போதெல்லாம் ஜாதகத்தோடு ஒரு லேப் சீட்டும் கைமாறுகிறது. மாப்பிள்ளை ஓ பாசிட்டிவ், பெண் பி பாசிட்டிவ். "குரூப் வேற வேற, அப்புறம் என்ன பயம்?" என்று தாம்பூலம் மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சீட்டுக்கும் பிறக்கப்போகும் குழந்தையின் பரம்பரை நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. பெண் நெகட்டிவ், கணவன் பாசிட்டிவ் என்றால் ஊசி ஒன்று போட வேண்டியிருக்கும். அசலில் கட்டினாலும் போட வேண்டிய ஊசிதான் அது.

பார்க்க வேண்டியது தாத்தாவை. நம் எல்லோரிடமும் பழுதான மரபணுக்கள் சில இருக்கின்றன. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று மரபணுவுக்குப் பெரும்பாலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆள் கடைசிவரை நோய்நொடியில்லாமல் வாழ்ந்துவிட்டுப் போவார். தாத்தாவிடம் அப்படி ஒரு பழுது இருந்ததாக வைத்துக்கொள்வோம். அது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் போயிருக்க வாய்ப்பு பாதி, பேரப்பிள்ளைகளுக்குக் கால். மகன் வயிற்றுப் பேரனும் மகள் வயிற்றுப் பேத்தியும் மணந்தால், இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு 16இல் 1. அவர்கள் குழந்தைக்கு இரண்டு பிரதியுமே பழுதாகப் போய்ச்சேர 64இல் 1. தாய்மாமனே அக்கா மகளைக் கட்டினால் 32இல் 1. அதே பேத்தி அசலில் மணந்து, அந்தப் பழுது ஊரில் நூற்றில் ஒருவரிடம் இருக்கிறது என்றாலும் 1,600இல் 1தான்.

இந்தக் கணக்கில் முறைக்கு இடமே இல்லை. சித்தப்பா மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவன் வாய்திறந்தால் நம் ஊரில் அடி விழும்; அவள் தங்கை. அத்தை மகளோ தொட்டிலிலேயே பேசி முடிக்கப்பட்டவள். ஆனால் இருவரோடும் அவனுக்குப் பொதுவான மரபணுப் பங்கு ஒன்றேதான்: சராசரியாக எட்டில் ஒன்று. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒன்று. சட்டமும் முறைக்குத்தான் வழிவிட்டது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இந்த உறவுகளையெல்லாம் தடைப்பட்டியலில் வைத்துவிட்டு, வழக்கம் இருந்தால் செல்லும் என்கிறது. இங்கே வழக்கத்துக்கா பஞ்சம்! 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் உறவுக்குள் மணந்தவர்கள் இந்திய அளவில் 11 சதவீதம், தமிழ்நாட்டில் 28.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தான் வழிக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்குச் சித்தப்பா மகளும் மணப்பெண்தான். அங்கே பிறந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் லான்செட் இதழில் வந்தது. பொதுவாக நூற்றுக்கு 3 குழந்தைகளுக்கு இருக்கும் பிறவிக் குறை, பெற்றோர் இப்படி உறவாக இருந்தால் 6 பேருக்கு. இரட்டிப்பு என்றால் அச்சமாக இருக்கிறது. 94 குழந்தைகளுக்குக் குறையில்லை என்றால் பாட்டிமார் "எங்க காலத்துல எல்லாம் நல்லாத்தானே பொறந்துச்சு" என்பார்கள். இரண்டும் ஒரே கணக்கு.

இதைப் படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. நிலம் கைவிட்டுப் போகாது. நகை, சீர் என்று நெருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை குடிப்பானா என்று யாரிடமும் விசாரிக்க வேண்டாம். அப்பன் இல்லாத பெண்ணுக்கு மாமன்தான் கதி என்ற நிலையில் அக்கா தம்பியைத்தான் பார்ப்பாள். ஆனால் மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பெண், அதே மாமனுக்குக் கழுத்தை நீட்டும்போது அவள் சம்மதத்தை யார் கேட்டார்கள்? பிறகு மனக்கசப்பு வந்து அம்மா வீட்டுக்குப் போனால், அது புருஷனின் அக்கா வீடு. தம்பியை விட்டுக்கொடுப்பாளா, மகளையா?

காது கேளாத குழந்தை பிறந்துவிட்டால் பழி தாய்மேல், இல்லையென்றால் குலதெய்வக் குத்தம். பிறவிச் செவிட்டுத்தன்மையில் பெரும்பங்கு இப்படி இரண்டு பிரதியும் பழுதாகச் சேர்ந்து வருவதுதான். அதில் ஒன்று தந்தை கொடுத்தது. ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. குத்தத்துக்குப் பரிகாரம் தேடி ஓடுவதிலேயே அந்த வயதைக் கடத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, அசலிலேயே கட்டிவிடலாம் என்கிறார்கள். யார் அசல்? வேறு ஊர், வேறு குலதெய்வம். சாதி மட்டும் அதேதான். ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இடம்பெற்ற குழு 2017இல் தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றில் 81, மிகச் சில முன்னோர்களிலிருந்தே பெருகி வந்தவை. அதில் சில, பத்து லட்சத்துக்கு மேல் ஆள்பலம் உள்ளவை. வைசியர் சமூகத்தில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிய வேண்டியது மணிக்கணக்காகும். மயக்க மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்த சேதி இது. அதற்கு மாமன் மகளைக் கட்டியிருக்க வேண்டியதில்லை, தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள் கட்டியதே போதும். இதை எந்த மேடையிலும் சொல்லப் பலருக்கு நா எழுவதில்லை.

ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது. அவர் முதலில் கேட்பது மூன்று தலைமுறை விவரம்: யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் குழந்தை எதனால் இறந்தது, யாருக்குப் பேச்சு வரவில்லை. பத்துப் பொருத்தத்தையும் ஒப்பிக்கும் வீடுகள் இந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொள்ளும். அந்த விவரத்தைப் பாட்டியிடம் பக்குவமாகக் கேட்டு, படமாக வரைந்து வைப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.