தாங்கியில் விளையும் மருந்து: மூலிகை வியாபாரிக்கு நட்டமா, இலாபமா?

புத்தூரில் என் கடைக்கு மருந்துச் சரக்கு வாங்க வரும் படித்த இளைஞர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நானா, வெளிநாட்டில இப்ப மூலிகையைத் தோட்டத்தில வளர்க்கிறதில்லையாம். போத்தலுக்குள்ளேயே மருந்தை எடுக்கிறாங்களாம். அப்ப உங்கட வியாபாரம் என்னாகும்?"

கேள்வி நியாயமானது. மூலிகை நடலாமா, இந்தத் துறையில் முதல் போடலாமா என்று யோசிக்கும் சகோதரர்களுக்கும் இதன் பதில் தேவை. நான் விஞ்ஞானி அல்லன். சரக்கு வாங்கி விற்பவன். எனவே படித்தும் கேட்டும் அறிந்ததை ஒரு வியாபாரியின் கணக்காகவே இங்கு வைக்கிறேன்.

அல்கலொயிட் என்பது என்ன?

செடிக்கு ஓடித் தப்ப முடியாது. பூச்சியும் ஆடும் வந்து கடித்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளச் சில கசப்பான, நஞ்சுள்ள பொருட்களை உடம்புக்குள் செய்து வைத்துக்கொள்கிறது. அவற்றில் ஒரு பெரிய வகைதான் அல்கலொயிட். நம் பகுதித் தோட்டங்களில் விளையும் புகையிலையின் நிக்கொட்டின், வேலியோர ஊமத்தையின் அத்திரோப்பின், சிங்கோனா மரப்பட்டையின் குவினைன், மரமஞ்சளின் பேர்பெரின் எல்லாம் இந்த வகையே. அளவோடு கொடுத்தால் மருந்து, அளவு மீறினால் நஞ்சு.

போத்தலுக்குள் எப்படி வளர்க்கிறார்கள்?

இழைய வளர்ப்பு வாழைக்கன்று பற்றி நம் விவசாயிகள் அறிவார்கள். வேலையின் தொடக்கம் அதேதான். செடியின் இலையிலோ தண்டிலோ ஒரு சிறு துண்டு வெட்டிக் கிருமி நீக்குகிறார்கள். சீனி, உப்புக்கள், விற்றமின்கள், வளர்ச்சி ஹோர்மோன்கள் கலந்த களியின் மேல் அதை வைக்கிறார்கள். இதற்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் கலவையை முரசிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962இல் வெளியிட்டார்கள். சில வாரங்களில் அந்தத் துண்டில் இலையுமில்லாத வேருமில்லாத ஒரு கலத்திரள் பொங்கி வரும். வாழைக்காரருக்கு வேண்டியது கன்று. மருந்துக்காரரோ கன்று எடுக்காமல், அந்தக் கலங்களைத் திரவத்தில் போட்டு முதலில் குடுவையிலும் பிறகு பெரிய தாங்கியிலும் பெருக்குவார்.

இதில் இலாபம் தெளிவு. மழை பார்க்க வேண்டாம், காணி வேண்டாம், காட்டை வெட்ட வேண்டாம். தரமும் ஒரே மாதிரி வரும். ஆனால் செலவுப் பக்கமும் உண்டு. பக்ரீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். செடிக் கலம் இரட்டிக்க ஒரு நாளுக்கு மேல், சில வேளை பல நாட்கள் ஆகும். அதற்கிடையில் ஒரே ஒரு கிருமி உள்ளே புகுந்தாலும் தாங்கி முழுவதும் பழுதாகிவிடும். மின்சாரம், தூய காற்று, தேர்ந்த ஆட்கள் என்று செலவு ஓடிக்கொண்டேயிருக்கும்.

இன்னொரு சிக்கல் வேடிக்கையானது. சீனியும் சத்தும் தாராளமாகக் கிடைத்து, கடிக்க வரும் பூச்சியும் இல்லாதபோது, பல செடிக் கலங்கள் கசப்பைச் செய்வதையே குறைத்துவிடுகின்றன. அதனால் பூஞ்சணச் சாற்றையோ, காயம்பட்ட செடியில் சுரக்கும் ஜஸ்மோனேற் வகைப் பொருளையோ தாங்கிக்குள் விட்டு "எதிரி வந்துவிட்டான்" என்று கலங்களை நம்பவைக்கிறார்கள். அப்போதுதான் மருந்து சுரக்கிறது.

வென்றவர்கள் யார்?

முதலில் பெரிய அளவில் வென்றவர்கள் ஜப்பானியர். 1983இல் மிட்சுயி நிறுவனம் ஷிகோனின் என்ற சிவப்புப் பொருளைக் கல வளர்ப்பில் எடுத்து விற்றது. அது உதட்டுச் சாயத்திலும் சேர்ந்தது. இது அல்கலொயிட் அல்ல, ஆனால் வழி ஒன்றுதான். மூலச் செடியின் வேர் முதிரச் சில வருடங்கள் ஆகும்; தாங்கியில் அது சில வாரத்து வேலை.

அடுத்தது டக்சோல் என்ற பக்லிடக்செல், புற்றுநோய் மருந்து. இது பசிபிக் கரையில் மிக மெதுவாக வளரும் யூ மரத்தின் பட்டையில் கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் சாகும். 1992இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்ததும் மரத்துக்கு எங்கே போவது என்பது பெரும் பிரச்சினையானது. முதலில் வேறு யூ மரங்களின் இலையிலிருந்து பாதி வழி எடுத்து மீதியை இரசாயன முறையில் முடித்தார்கள். பின்னர் பிறிஸ்டல் மையர்ஸ் ஸ்குயிப் நிறுவனம் கல வளர்ப்புக்கு மாறி, அதற்காக 2004இல் அமெரிக்க ஜனாதிபதியின் பசுமை இரசாயன விருதையும் பெற்றது. அந்தக் கலங்களை வளர்க்கும் ஃபைற்றன் நிறுவனத்திடம் ஜெர்மனியில் 75,000 லீற்றர் வரையான தாங்கிகள் உண்டு.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். பொருள் விலையுயர்ந்தது, செடி மெதுவாக வளர்வது. தாங்கி வெல்வது அங்கேதான்.

பட்டிப்பூ ஏன் இன்னும் வயலில்?

நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் பட்டிப்பூவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இதை நித்தியகல்யாணி என்பார்கள். 1950களில் கனடாவில் நோபிள், பியர் என்ற ஆய்வாளர்கள் இதில் வின்பிளாஸ்டினைக் கண்டுபிடித்தார்கள். இதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றுவரை அது கைகொடுக்கிறது. ஆனால் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். 1 கிராம் வின்கிறிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ.

இவ்வளவு அருமையான பொருளைத் தாங்கியில் எடுக்க முயலாமலா இருந்திருப்பார்கள்? பல பத்தாண்டுகள் முயன்றார்கள். இதன் கலங்கள் அஜ்மலிசின், கதரந்தின் போன்றவற்றைச் செய்தன. ஆனால் வின்பிளாஸ்டினுக்கு கதரந்தினோடு விண்டோலின் என்ற மறுபாதியும் வேண்டும். விண்டோலினை இலையின் வெவ்வேறு வகைக் கலங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கித்தான் செய்து முடிக்கின்றன. உருவமில்லாத கலத்திரளில் அந்த வேலைப் பிரிவினை இல்லை. ஒரு கடையில் கொள்முதல்காரன், நிறுப்பவன், கணக்கன் என்று ஆள் பிரிந்தால்தானே வியாபாரம் நடக்கும்?

2022இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். அப்பத்துக்கு மா புளிக்க வைக்கும் ஈஸ்ட் வகைக்குள் செடிகளின் பரம்பரை அலகுகள் பலவற்றைப் புகுத்தி இரண்டு பாதிகளையும் செய்யவைத்து, கடைசியில் இரசாயன முறையில் இணைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனாலும் ஆய்வுகூடத்தில் முடிவதும் சந்தையில் விலை கட்டுவதும் வேறு வேறு. தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்து வந்திருக்கிறார்கள். மலிவாக, வேகமாக வளரும் செடியைத் தாங்கி இலகுவில் வெல்லாது.

நம் கடையின் மரமஞ்சள்

இனி நமக்கு நெருக்கமான விடயம். 2020இல் கொரோனா காலத்தில் மல்லியும் மரமஞ்சளும் அவித்துக் குடிநீர் குடிக்காத வீடு குறைவு. மரமஞ்சள் யாழ்ப்பாணத்தில் விளைவதில்லை. தெற்கே ஈரவலயக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூத்துக் காய்க்கப் பல வருடங்கள் ஆகும். நாம் விற்பது அதன் தண்டையே என்பதால் வெட்டினால் கொடி போய்விடும். இந்தியா 1990களின் இறுதியிலேயே காட்டு மரமஞ்சளின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. என் கடைக்கு வரும் கட்டுகளில் தடி வருடத்துக்கு வருடம் மெலிந்து வருவதை என் கையே சொல்கிறது. தடி மெலிவது, முற்றாத கொடியையும் வெட்டுகிறார்கள் என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் பேர்பெரினைத் தாங்கியில் எடுத்துக் காட்டைக் காக்கலாமே என்று தோன்றும். 1980களில் ஜப்பானியர் கொப்டிஸ் என்ற செடியின் கலங்களில் மஞ்சள் நிறம் கூடியவற்றை மட்டும் திரும்பத் திரும்பத் தெரிந்தெடுத்து, நல்ல அளவில் பேர்பெரின் எடுத்தே காட்டினார்கள். மரமஞ்சளின் கலங்களிலும் பேர்பெரின் உண்டாவதை 1992இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் பேர்பெரின் தரும் வேறு மரப்பட்டைகளும் வேர்களும் மலிவாகக் கிடைக்கின்றன. தாங்கிச் செலவு அவற்றோடு போட்டிபோட முடியவில்லை. அதோடு, நம் வாடிக்கையாளர் கேட்பது பேர்பெரின் தூள் அல்ல; குடிநீரில் போட ஒரு துண்டுத் தடி. ஆகவே தாங்கி வந்து இந்தக் கொடியைக் காப்பாற்றும் என்று காத்திருப்பவர் காத்திருந்தே கொடியை இழப்பார்.

என்ன செய்யலாம்?

தாங்கி நம் கடையை மூடாது. அருமையான, ஒரு கிராமுக்கே பெரும் விலை போகும் தனிப்பொருளை அது எடுத்துக்கொள்ளும். இலை, வேர், பட்டை என்று முழுச் சரக்காக விற்பது நம் கையில் இருக்கும். ஆனால் சரக்கு இருந்தால்தானே விற்பது?

ஆகவே முதல் போட நினைப்பவர்களுக்கு மூன்று சொல். முதலாவது, காட்டிலிருந்து அனுமதியின்றி வெட்டிய சரக்கை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அது குற்றம், அதோடு அடுத்த வருட முதலை இந்த வருடம் உண்பதும் ஆகும். இரண்டாவது, இழைய வளர்ப்பில் நமக்குக் கைக்கெட்டும் பகுதி தாங்கி அல்ல, கன்று. ஈரவலயத்தில் காணியுள்ள வியாபாரிகள் சேர்ந்து மரமஞ்சள் நாற்றுமேடைக்கு உதவினால் அதன் பலன் நம் பிள்ளைகளின் கடைகளுக்கு வரும். மூன்றாவது, "மூலிகை நடுங்கள், விளைச்சலை நாங்களே வாங்குகிறோம்" என்று யாராவது வந்தால், எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு காய்ந்தது, என்ன விலை, வாங்கத் தவறினால் என்ன பரிகாரம் என்பதை எழுத்தில் வாங்காமல் புத்தூரின் செம்மண்ணில் ஒரு பரப்பைக்கூட அதற்கு ஒதுக்காதீர்கள். அந்தச் செம்மண்ணில் வெங்காயம் போட்டால் வாங்குவதற்கு நாளைக்கே ஆள் உண்டு.