நாடகம் பயின்றவர்கள் ஊர் திரும்பிய கதை

மாசி பிறந்துவிட்டால் எமது மாத்தளை மாவட்டத்துக்கு இரு கோலங்கள் உண்டு. நகரிலே ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பஞ்சரதங்கள் வீதிவலம் வரும் கோலம் ஒன்று. அதனைத் தரிசிக்க நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் திரளுவர். பத்திரிகைகள் படம் வெளியிடும். மற்றையது, மலைச்சாரலில் உள்ள தோட்டங்கள் சிலவற்றில், பகலெல்லாம் உழைத்துக் களைத்த மக்கள் இரவிலே காமன் கம்பத்தைச் சுற்றிக் கூடி, தப்பொலிக்கு ரதியும் மதனும் ஆடுவதைக் கண்டிருக்கும் கோலம். இதனைப் படம் பிடிப்போர் குறைவு. எழுதுவோர் அதனிலும் குறைவு. ஆடுவோரும் வர வரக் குறைந்து வருகின்றனர் என்பது எமது நெடுநாளைய கவலை.

இந்தக் கவலையை எழுத்தில் வடிக்க வேண்டுமென்ற எண்ணத்தைத் தந்தவர் தோட்டத் தொழிலாளியான ஒரு தகப்பனார். சென்ற பாடசாலை விடுமுறையின்போது தம் மகளையும் அழைத்துக்கொண்டு எம் இல்லம் நாடி வந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சையில் நன்கு சித்தியடைந்தவள். உயர்தர வகுப்பில் 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தையும் ஒன்றாக எடுக்க விரும்புகிறாள். தகப்பனாருக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

"சேர், நாடகம் படிச்சு இவ என்னா செய்யப் போறா? கூத்தாடவா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

தலை நிமிராமலே மகள் பதில் சொன்னாள்: "நடிக்க இல்லப்பா, நடிக்க வைக்க."

அந்தப் பதில் எம்மைச் சிறிது நேரம் பேசாதிருக்கச் செய்தது. நெறியாள்கை என்ற பெரிய சொல்லுக்கு இதனிலும் எளிய பொருளை எந்தப் பாடநூலிலும் நாம் கண்டதில்லை. நடிக்க வைக்கும் வித்தையை முறையாகப் பயின்றவர்கள் இந்நாட்டில் என்ன செய்தார்கள் என்பதை அன்று அந்தத் தகப்பனாருக்குச் சொன்னோம். சொல்ல நேரமின்றி விட்டவற்றையும் சேர்த்து வாசகர்கள் முன் இங்கு வைக்கிறோம்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கென டிப்ளோமாப் பயிற்சிநெறி ஒன்று நடைபெற்றது. அதிலே தமிழர் சிலரும் சேர்ந்து பயின்றனர். அவர்களுள் இருவர் பெயர் ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் அழியாதது. ஒருவர் அ. தாசீசியஸ். மற்றவர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1976 ஆம் ஆண்டில் அப்பயிற்சியை முடித்தபோது 1931 இல் பிறந்த சண்முகலிங்கத்துக்கு வயது நாற்பத்தைந்தளவில் இருக்கும். அதற்கு முன்னரே அவர் கலையரசு சொர்ணலிங்கம் அவர்களின் நிழலில் நின்று நடித்துப் பழகியவர், பள்ளி ஆசிரியர். நாற்பதைத் தாண்டியபின் மாணவனாக வாங்கில் அமர்வதற்குக் கூச்சப்படும் எம் போன்ற ஆசிரியர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

பட்டமோ பத்திரமோ கையில் கிடைத்தவுடன் தலைநகரிலேயே தங்கிவிடுவது படித்தவர் வழக்கம். சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். 1978 ஆம் ஆண்டில் 'நாடக அரங்கக் கல்லூரி' என்ற ஒன்றைத் தொடக்கினார். கல்லூரி என்றதும் மாடிக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் வாசகர்கள் கற்பனை செய்ய வேண்டாம். நாடகத்தில் ஆர்வங்கொண்ட ஆசிரியரும் இளைஞரும் ஒன்றுகூடிப் பயின்ற களம் அது. தாசீசியஸும் அங்கு வந்து பயிற்சியளித்து நாடகங்களை நெறிப்படுத்தினார். 'பொறுத்தது போதும்' என்ற நாடகம் அவ்வழி வந்தது.

அக்களத்தில் நடந்த பயிற்சியின் தன்மை அக்காலத்துக்குப் புதுமையானது. வசனத்தை நெட்டுருப் பண்ணி, பின்னால் நின்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒலிவாங்கியின் முன் நின்று முழங்குவதுதான் அதுவரை பலருக்கும் தெரிந்த நாடகம். இங்கோ முதலில் விளையாட வைத்தார்கள். உடலை இலகுவாக்க விளையாட்டு, கூச்சம் போக்க விளையாட்டு, குரலைத் திறக்கப் பாட்டு, பின்னர் ஒரு சம்பவத்தைக் கொடுத்து அங்கேயே நடித்துப் பார்க்கச் செய்தல் என்று படிப்படியாக வளர்ந்த பின்னரே நாடகம் கைக்கு வரும். சிறுவருக்கான 'கூடி விளையாடு பாப்பா' என்ற நாடகத்தின் பெயரே அந்த முறைக்கு விளக்கம் போல அமைந்துவிட்டது.

பாடசாலைகளுக்கென்றே சண்முகலிங்கம் எழுதிக் கொடுத்த நாடகங்கள் பல. எழுதியனவும் மொழிபெயர்த்தனவுமாக அவருடைய படைப்புகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் தலையாயது 'மண் சுமந்த மேனியர்'. பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் திருவிளையாடலை நினைவூட்டும் அத்தலைப்பை, யுத்தத்தின் சுமையைத் தோளில் ஏற்றிய சாதாரண மக்களுக்கு அவர் சூட்டினார். 1985 ஆம் ஆண்டில் க. சிதம்பரநாதன் அதனை நெறிப்படுத்தினார். பல்கலைக்கழக மண்டபத்தோடு நின்றுவிடாமல் ஊர் ஊராகச் சென்று ஆடப்பட்ட நாடகம் அது. பின்னாளில் வந்த 'அன்னை இட்ட தீ' யுத்தம் மனித உள்ளத்தில் ஏற்படுத்திய காயங்களைப் பேசியது. பிள்ளைகள் யாவரும் கடல் கடந்து சென்றுவிட, பெரிய வீட்டில் தனித்துப்போன முதிய பெற்றோரைப் பேசியது 'எந்தையும் தாயும்'.

இந்த மூன்றாவது நாடகத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அது யாழ்ப்பாணத்துக் கதை. வெளிநாட்டுத் தபாலையும் தொலைபேசி அழைப்பையும் எதிர்பார்த்திருந்த வீடுகளின் கதை. ஆயினும் எமது தோட்டங்களுக்கு அது அந்நியமான கதையா? லயத்து வாசலில் பாட்டி ஒருத்தி பேரப் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் தாய் மத்திய கிழக்கிலே யார் வீட்டுப் பிள்ளைக்கோ சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். தகப்பன் கொழும்பிலே கடைச் சிப்பந்தி. இந்தக் காட்சியை நாம் அன்றாடம் பார்க்கிறோம், பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் இருந்த தனிமையை மேடைக்குக் கொண்டுவர யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய ஒருவர் இருந்தார். இந்த லயத்து வாசலுக்கு இன்னும் அவ்வாறு ஒருவர் வேண்டும்.

சண்முகலிங்கம் 2025 ஜனவரியில், தொண்ணூற்று மூன்றாம் வயதில் காலமானார். அவரிடம் பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் இன்று வடக்கில் பாடசாலை தோறும் நாடக ஆசிரியர்களாகவும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களாகவும் உள்ளனர். ஒருவர் பெற்ற டிப்ளோமா எத்தனை வகுப்பறைகளுக்குள் நுழைந்துவிட்டது பாருங்கள்!

இனிக் கிழக்கே செல்வோம். அதற்கு முதலில் எமக்கு மிக அண்மையில் உள்ள பேராதனையை மிதித்தே போக வேண்டியிருக்கிறது. அறுபதுகளில் அங்கு கற்பித்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஆடச் செய்தார். இரவு முழுதும் நீண்ட ஆட்டத்தைச் சுருக்கி, மண்டபத்து மேடைக்கும் மின்னொளிக்கும் ஏற்பச் செப்பனிட்டார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன அவ்வாறு வந்தவை. படித்தவர்கள் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கியிருந்த கலைக்குக் கொழும்பு மேடையில் கரகோஷம் கிடைத்தது. அந்த 'இராவணேசனை' ஆக்கியவரும் வித்தியானந்தனின் மாணவருமான சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பிலே பேராசிரியராக இருந்து, அந்நாடகத்தைப் புதிய தலைமுறை மாணவரோடு மீண்டும் மீண்டும் மேடையேற்றினார்.

இங்கேதான் ஒரு வழக்கு எழுகிறது. மட்டக்களப்பிலே சி. ஜெயசங்கர் என்பவர் மற்றொரு வழியைச் சொன்னார். கூத்தைக் கிராமத்திலிருந்து எடுத்து வந்து மண்டபத்தில் திருத்தியமைத்தால் மண்டபம் வளரும், கிராமத்துக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வியின் சாரம். ஆகவே 'கூத்து மீளுருவாக்கம்' என்ற பெயரில் சீலாமுனை என்ற ஊரிலே அவ்வூர் மக்களோடும் அண்ணாவிமாரோடும் அமர்ந்து, கூத்தில் எது காலத்துக்கு ஒவ்வாது, பெண்ணைப் பற்றி அது சொல்வது சரியா என்றெல்லாம் பேசி, கூத்தை அக்களரியிலேயே மாற்றி ஆடச் செய்தார். படித்தவர் தீர்மானித்து ஊரார் ஆடுவதற்குப் பதிலாக, ஊராரே தீர்மானிக்கப் படித்தவர் துணை நிற்கும் முறை இது.

இரு சாராருக்கும் நியாயம் உண்டு. பேராதனை முயற்சி இல்லாதிருந்தால் கூத்து என்ற சொல்லே படித்தவர் வாயில் இழிசொல்லாக நின்றிருக்கும். எனினும் எமது மனம் சீலாமுனைப் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. 1959 இல் தில்லியில் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியிலே பயின்ற செ. இராமானுஜம் தெற்கே திரும்பி, 1977 ஆம் ஆண்டில் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையில் முக்கிய பங்கு கொண்டார். அதன் பின் மதுரையில் மு. இராமசாமியின் 'நிஜ நாடக இயக்கம்' போன்ற குழுக்கள் முளைத்தன. தில்லியில் கற்றது மதுரை வீதிக்கு வர இரண்டு தலைமுறை செல்லவில்லை; ஒருவர் ஊர் திரும்பியதே போதுமாயிற்று.

இனி எமது மலைக்குத் திரும்புவோம். தென்னிந்தியாவிலிருந்து தலைமன்னாரில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வடக்குப் பாதையிலே நடந்து வந்த மக்களுக்கு மலைநாட்டின் வாசலாக அமைந்தது மாத்தளை. வழியில் மாண்டோர் எத்தனையோ பேர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மூட்டையில் கொண்டு வந்தது சொற்பம். நெஞ்சிலே கொண்டு வந்தவற்றுள் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் இருந்தன.

காமன் கூத்தை அறியாத நகரத்து மாணவருக்காக ஒரு வார்த்தை. மாசி மாத வளர்பிறையில் கம்பம் நட்டு, ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பர். ரதி மன்மதன் கலியாணம், சிவனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுதல், ரதி தடுத்தல், நெற்றிக் கண்ணால் அவன் எரிதல், ரதியின் புலம்பல் என்று நாட்கணக்கில் வளர்ந்து செல்லும். தூதனும் வீரபத்திரனும் எமனும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும்போது சிறுவர்கள் தாயின் முந்தானைக்குள் ஒளிவர். இவை அனைத்தையும் மனப்பாடமாக வைத்து, யார் எப்போது எந்த அடி வைத்து வர வேண்டும் என்று கட்டளையிடுபவர் கூத்து மாஸ்டர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் டிப்ளோமாப் பெறாத நெறியாளர். தோட்டத்தை விட்டு இளைஞர்கள் நகரக் கடைகளுக்கு வேலை தேடிச் சென்றுவிட, அவருக்குப் பின் அந்தப் பாட்டையும் அடவையும் யார் வாங்கிக்கொள்வது?

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பயின்று வரும் மலையகப் பட்டதாரிகள் சிலர் இன்று ஆசிரியர்களாக உள்ளனர். தமிழ் மொழித் தினப் போட்டிக்காகப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வதோடு அவர்களுடைய நெறியாள்கை நின்றுவிடுமானால் அது பெரும் நட்டம். போட்டி நாடகத்துக்கு மண்டபமும் நடுவரும் சில நிமிட நேரமும் உண்டு. பரிசு கிடைத்ததும் வேடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். காமன் கம்பமோ பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறத்து மேட்டிலே நிற்கிறது. அந்த மேட்டுக்கு ஏறிப்போய் மாஸ்டரின் பக்கத்தில் அமர எந்த அதிபரின் அனுமதியும் தேவையில்லை.

இவ்வளவையும் எம்மால் இயன்ற வகையில் அந்தத் தகப்பனாருக்குச் சொன்னோம். அவர் பொறுமையோடு கேட்டார். முகத்தில் சம்மதக் குறி தோன்றவில்லை. "அதெல்லாம் பெரிய மனுசங்க கதை சேர். எங்க புள்ளைக்கு டீச்சர் வேலையாவது கெடைக்குமா, அதச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. நாடகத்தை ஒரு பாடமாக எடுத்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் ஆசிரிய நியமனம் பெற்றிருப்பதைச் சொன்னோம். உறுதிமொழி எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க நாம் யார்?

பேச்சை மாற்றுவதற்காக மகளை நோக்கி, "பள்ளிக்கூடத்தில் என்னம்மா செய்தாய்?" என்று கேட்டோம். மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தைத் தோழிகளைக் கொண்டு ஆடச் செய்ததாகச் சொன்னாள். அந்த அடவைச் சற்றே காட்டுமாறு கேட்டதும், வெட்கத்துடன் எழுந்து முற்றத்தில் இரண்டடி வைத்துக் காட்டினாள்.

தகப்பனார் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்படி இல்ல புள்ள. ரதி அழுவுறப்ப கால் முன்னுக்கு வராது. பின்னுக்குப் போவும். கம்பத்தப் பாத்துக்கிட்டே பின்னுக்குப் போவணும்" என்றவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். ஐம்பது வயதைக் கடந்த அந்த உடம்பு, மருந்தடித்தும் கவ்வாத்து வெட்டியும் காய்த்துப்போன அந்தக் கைகள், ஒரு கணத்தில் வேறொருவருடையதாகிவிட்டன. தம் இளமையில் ஏழு வருடம் ரதி வேடம் கட்டியவர் அவர் என்பது அப்போதுதான் எமக்குத் தெரிய வந்தது. மகளுக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும் போலும். வியப்போடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு வரி பாடி ஆடியபின் மூச்சு வாங்க வந்து அமர்ந்தார். தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு எம்மைப் பார்த்தார்.

"இதெல்லாம் சோதனைக்கு வருமா சேர்?"

மலையகக் கூத்துகளும் அந்தப் பாடத்தில் உண்டு என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. மகள் பையிலிருந்து கொப்பியை எடுத்து, "அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தரம் சொல்லுங்கப்பா" என்றாள்.