ஆராயும் உள்ளமும் வாழ்க்கைத் தொழிலும்

விஞ்ஞானம் பயிலும் மாணவர் அனைவரும் ஒரே இயல்பினர் அல்லர். சிலர் கற்றதைச் செவ்வனே பயன்படுத்துவதில் நிறைவு காண்பர். வேறு சிலரோ, ஒரு நிகழ்ச்சியின் காரணத்தை அறியும்வரை அமைதி கொள்ளார். இத்தகையோர்க்கு ஏற்ற தொழில் யாது என்பது, தேர்வு முடிவு வெளியான பின் அவசரமாக முடிவு செய்யத்தக்கதன்று.

சர் சி. வி. இராமன் 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றார். ஆராய்ச்சியால் வாழ்க்கை நடத்தும் வழி அக்காலத்தில் அரிதாயிருந்தமையின், நிதி இலாகாவில் சேர்ந்து கல்கத்தா சென்றார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை, 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் சோதனைச்சாலையில் கழித்தார். 1917-இல், ஊதியம் குறையும் என்று அறிந்தே, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவுக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்று வழிகள் பல. கற்களைச் சேகரிக்கும் மாணவனுக்கு 1851-இல் தோன்றிய நிலவியல் ஆய்வுத் துறையும், செடிகொடிகளை இனம் பிரிப்பவனுக்கு 1890-இல் தோன்றிய தாவரவியல் ஆய்வுத் துறையும், மேகங்களையும் மழையளவையும் குறித்து வைப்பவனுக்கு 1875-இல் தோன்றிய வானிலைத் துறையும் உள்ளன. ரசாயனத்தில் நாட்டமுடையவர்க்குத் தடய விஞ்ஞானக் கூடங்களும் உண்டு. ஆராய்ச்சி சோதனைச்சாலைக்கு மட்டும் உரியதன்று. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897-இல் செகந்திராபாத்தில் கண்ட ரொனால்டு ராஸ், இராணுவ மருத்துவப் பணியில் இருந்தவரே.

ஆயினும் இவ்வழியின் கடுமையையும் மாணவர்க்கு மறைத்தலாகாது. மேற்படிப்பு பல ஆண்டுகள் நீளும், சம்பாத்தியம் தாமதமாகும், ஒரே அளவீட்டைப் பன்முறை எடுத்தும் பயன் கிட்டாதொழியலாம். குடும்பப் பொறுப்பு உடனே ஏற்கவேண்டியவர், ஆசிரியப் பணியையோ வேளாண் களப்பணியையோ மேற்கொண்டு, அதனூடே ஆராய்ச்சியைத் தொடரலாம்.

மாணவனின் இயல்பை அறிய மதிப்பெண் மட்டும் போதாது. ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் ஓராண்டு அளந்து குறிக்குமாறு ஆசிரியர் பணிக்கலாம். களப் பணியாளர் தம் சுற்றுப் பயணத்தில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லலாம். மேற்பார்வை இல்லாத வாரத்திலும் குறிப்பேடு நிரம்பியிருக்குமாயின், அம்மாணவன் ஆராய்ச்சிக்கு உரியவன் என்று பெற்றோரிடம் துணிந்து எடுத்துரைக்கலாம்.