ஓலைப்பெட்டியில் நம்ம ஊர்: பரிசுப் பெட்டி விற்கும் முன் போட வேண்டிய கணக்கு



நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். லீவுக்கு வந்து திரும்பும்போது அவர்கள் பெட்டியில் என்னென்ன இருக்கும்? முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டி, நல்லமிளகு. இவற்றை ஓர் அழகான ஓலைப்பெட்டியில் அடுக்கி, 'ஊர்ப் பெட்டி' என்று விற்கலாமே என்ற யோசனை பல குழுக்களில் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் பெட்டி விற்றுத் தீர்ந்த பிறகும் கையில் காசு நிற்காமல், கடன் தவணை கட்டத் திணறுகிற குழுக்களும் உண்டு. அது ஏன், அதைத் தவிர்ப்பது எப்படி என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நமக்கு இது புதிதா?

பெட்டி நிறையப் பலகாரம் கொண்டு போவது நம்ம ஊரில் காலங்காலமாக உள்ள வழக்கம். கல்யாணம் முடிந்து அடுக்களை காணப் போனாலும், பிள்ளை உண்டான மகளைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோடு யாரும் போவதில்லை. நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் ஓணத்துக்கு ஏத்தங்காய் வறுப்பதும், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து சுடுவதும் நம்ம அடுக்களையில் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. இந்தக் கலவை வேறு மாவட்டத்தில் கிடைக்காது. அதுதான் நம் சரக்கின் பலம்.

முந்திரிக்கொத்து என்ற பெயரைக் கேட்டு, "முந்திரிப்பருப்பு எங்கே?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வறுத்துப் பொடித்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும் ஏலமும் சுக்கும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தது என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பண்டிகைக்குச் செய்வது, எந்த ஊர்க் குழு செய்தது என்பதையும் எழுதுங்கள். படிக்கிறவருக்கு ஊர் நினைவு வரும். அவர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

ஆனால் சீட்டில் உண்மைதான் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய சிப்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 'ஆச்சி கைப்பக்குவம்' என்று எழுதக் கூடாது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய வருகிறது. பனையேறும் குடும்பத்திடம் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் நேரடியாக வாங்கி, ஈரம் படாமல் வைத்துக்கொள்வது நல்லது.

பெயரைப் பயன்படுத்தும் முன்

கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-லும், மட்டி வாழைப்பழத்துக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனாலும் அந்தக் குறியீட்டு முத்திரையை நம் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிவு செய்தவர்கள்தான் போடலாம். பதிவு பெற்ற விவசாயியிடமோ சங்கத்திடமோ சரக்கு வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, மட்டிப் பழம் தோல் மெலிந்தது. பழுத்தால் இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். அதைப் பார்சலில் அனுப்பிக் கெட்ட பேர் வாங்க வேண்டாம். நேரில் வந்து வாங்குபவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

ஒரு பெட்டியில் ஐந்து பொருள் இருந்தால், முதலில் கெடுகிற பொருளின் நாள்தான் அந்தப் பெட்டியின் நாள். கருப்பட்டி மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் முந்திரிக்கொத்தில் சேர்த்த தேங்காய் சரியாக வறுபடாவிட்டால் சீக்கிரம் காறிப்போகும். பாகு இளகியிருந்தாலும் கெட்டுவிடும். அதனால் விற்பனை தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே நாளில் செய்த பலகாரத்தை நான்கு பாக்கெட் போட்டு, 7, 14, 21, 28-ஆம் நாட்களில் ஒவ்வொன்றாகப் பிரித்து மோந்தும் தின்றும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சுவை மாறத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கடைசித் தேதியை வையுங்கள்.

தேன் வைப்பதானால் கண்ணாடிக் குப்பியின் மூடியை இறுக்கி, தனியாகச் சுற்றி வையுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும் சீட்டில் எழுதுவது நம் கடமை.

ஓலைப்பெட்டியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே சரக்கை அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓலையில் பூசணம் பிடிக்கும். எண்ணெய்ப் பலகாரத்தை உணவுக்கு உகந்த பாக்கெட்டில் ஒட்டி, பிறகு பெட்டிக்குள் வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதனாலும் ஓலைப்பெட்டிக்கு மதிப்பு கூடியிருக்கிறது. செட்டிநாட்டு ஓலைக் கொட்டானைப் பாருங்கள். மறைந்துகொண்டிருந்த அந்தக் கைவேலையைப் பெண்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்து மீட்டார்கள். இன்று கல்யாணத் தாம்பூலத்துக்கும் பரிசுக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு.

இதுதான் முக்கியமான கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விலைகளை உங்கள் சந்தை நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். 40 பெட்டி செய்கிறோம் என்று வைப்போம். ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு:

முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்குக்கான மாவு, பயறு, பாகு, எண்ணெய் – ரூ.100
ஏத்தங்காய் சிப்ஸ் – ரூ.75
கருப்பட்டி கால் கிலோ – ரூ.100
நல்லமிளகு, கிராம்பு – ரூ.55
ஓலைப்பெட்டி – ரூ.80
பாக்கெட், சீட்டு – ரூ.25
விறகு, கேஸ் – ரூ.15
மொத்தம் – ரூ.450

ரூ.500-க்கு விற்றால் பெட்டிக்கு 50 ரூபாய், 40 பெட்டிக்கு 2,000 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகிறோம். ஐந்து பேர் இரண்டு நாள் அடுப்படியில் வெந்ததை யார் கணக்கில் எழுதினார்கள்? ஆளுக்கு நாள் கூலி ரூ.400 என்றால் மொத்தம் ரூ.4,000. பெட்டிக்கு ரூ.100. ஆட்டோ கூலி, உடைந்தது, கருகியது எல்லாம் சேர்த்து ரூ.20. ஆக அசல் செலவு ரூ.570. ரூ.500-க்கு விற்றால் பெட்டிக்கு 70 ரூபாய், 40 பெட்டிக்கு 2,800 ரூபாய் நஷ்டம்! அந்த நஷ்டம் நம் உழைப்பில் கழிந்துபோவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"வீட்டு வேலைதானே, அதுக்கு என்ன கூலி?" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அதே பலகாரத்தைச் செய்ய ஓர் ஆளைக் கூப்பிட்டால் சும்மா வருவாரா? கூலியைச் சேர்த்து, அதன் மேல் சுமார் 15 சதவீதம் லாபம் வைத்தால் விலை ரூ.655 வரும். அந்த விலை கூடுதல் என்று தோன்றினால் கூலியைக் குறைக்காதீர்கள். பெட்டியைச் சின்னதாக்குங்கள், அல்லது ஒரு பொருளைக் குறையுங்கள். பார்சல் செலவைத் தனியாக வாங்குங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், அந்த நாட்டில் எந்த உணவுப் பொருளை அனுமதிப்பார்கள் என்று தபால் நிலையத்தில் முதலிலேயே விசாரியுங்கள்.

சட்டமும் சந்தையும்

உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் செய்தாலும் பதிவு அவசியம். பதிவு எண் 14 இலக்கம். பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, விலை, தயாரித்த தேதி, கடைசித் தேதி, முகவரி, பதிவு எண், சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்க வேண்டும்.

தரம் பார்த்துக் கூட்டாக விற்பதற்கு நம் மாவட்டமே பழைய பாடம். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் வேலை செய்தார். அங்கே தேனீ வளர்ப்பைப் பரப்பினார்கள். ஏழைக் குடும்பங்களின் முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்றார்கள். தனித்தனியாக விற்றால் கிடைக்காத விலை, தரத்துக்கு ஒரு பெயர் வந்ததும் கிடைத்தது. மார்த்தாண்டம் தேன் என்றால் இன்றைக்கும் ஆட்கள் நம்பிக் கேட்கிறார்கள்.

அதனால் எல்லாக் குழுவும் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒரு குழு முந்திரிக்கொத்து, ஒரு குழு சிப்ஸ், ஓலை முடையத் தெரிந்த குழு பெட்டி என்று கூட்டமைப்பில் பிரித்துக்கொள்ளலாம். ஓணம், தீபாவளி, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், பொங்கல், மண்டைக்காடு கொடை என்று வரிசையாகச் சந்தை இருக்கிறது. ஒரு மாதம் முன்பே ஆர்டர் வாங்கி, பாதிப் பணத்தை முன்பணமாகப் பெறுங்கள். மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் விற்பனைக் கண்காட்சிகளில் இடம் கேட்டும் முன்கூட்டியே எழுதுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலி எவ்வளவு என்று எல்லோரும் பேசி முடிவு செய்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.