போர் விமானியாக 7 ஆண்டு, தொழிலில் ஒரு நீண்ட வாழ்வு

பட்டர்வொர்த் தளத்திலிருந்து எழும் விமானங்களை அண்ணாந்து பார்க்கும் தாசேக் கெலுகோர் மாணவர்கள் அறிய வேண்டிய ஒருவர், தலிப் சிங் மஜீத்தியா.

1920இல் சிம்லாவில் பிறந்தவர். 1940இல் லாகூரில் விமானப் பயிற்சியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியரை எதிர்த்துப் பர்மா முனையில் ஹரிகேன் விமானம் ஓட்டினார். அப்போது நம் மலாயாவும் ஜப்பானியர் பிடியில்தான் இருந்தது.

1947இல் ஸ்குவாட்ரன் லீடராக விமானப்படையிலிருந்து விடைபெற்று, கோரக்பூர் வட்டாரத்தில் குடும்பத்தின் சர்க்கரை ஆலைத் தொழிலுக்குத் திரும்பினார். சீருடையைக் கழற்றினாலும் பறப்பதை விடவில்லை. 1949 ஏப்ரல் 23இல் சிறிய பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தைக் காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் இறக்கினார். ஓடுபாதை இல்லை, மாடு மேயும் திடல்தான். அங்கே தரையிறங்கிய முதல் விமானம் அதுவே. இன்று அந்த இடத்தில் திரிபுவன் அனைத்துலக விமான நிலையம் இயங்குகிறது.

2024 ஏப்ரலில், 103 வயதில் அவர் மறைந்தார். விமானப்படையில் இருந்தது ஏறக்குறைய 7 ஆண்டுகள். அதன்பின் வாழ்ந்ததோ சுமார் 77 ஆண்டுகள்.

எஸ்.பி.எம். முடித்து எந்தத் துறை என்று குழம்பும் மாணவர்களே, முதலில் எடுக்கும் துறையே முடிவானது அன்று. அதில் ஊன்றிக் கற்ற திறமை, அடுத்த துறைக்கும் கூடவே வரும்.