இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யூ.எஸ்.பி. கேபிள்



நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் சில வீடுகளில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கு. ஒன்று, அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப். (அந்தத் திட்டம் 2011ல் தொடங்கியது.) இன்னொன்று, சொந்தக்காரர் யாராவது கொடுத்த பழைய டெஸ்க்டாப். ஒன்றில் உள்ளதை மற்றதுக்கு மாற்ற, நடுவில் ஒரு யூ.எஸ்.பி. கேபிள் செருகினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஏன் என்று எழுதுகிறேன்.

யூ.எஸ்.பி.யின் முதல் வடிவம் வந்தது 1996ல். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்த அஜய் பட். நம்ம நாட்டில், பரோடாவில் படித்தவர்! அந்த முறையில் ஒருவர் கூப்பிடணும், மற்றவர் பதில் சொல்லணும். கூப்பிடுவது கம்ப்யூட்டர். பதில் சொல்வது பென்டிரைவ், மவுஸ், பிரிண்டர் எல்லாம். டீச்சர் பேர் வாசிக்க, நாம "உள்ளேன் டீச்சர்" என்கிறோமே, அதே மாதிரிதான்.

சாதாரண கேபிளுக்குள் நாலு கம்பி இருக்கும். சிவப்பில் 5 வோல்ட் மின்சாரம் வரும், கறுப்பு அது திரும்பிப் போகும் வழி. வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. பென்டிரைவைச் செருகியதும் அது ஒரு தகவல் கம்பியில் வோல்டேஜை உயர்த்தும். அதுதான் கை தூக்குவது. கம்ப்யூட்டர் கை தூக்காது, யாராவது தூக்குறாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தால், இரண்டு டீச்சர் எதிரெதிரே வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்த கதைதான். வகுப்பில் பிள்ளைகளே இல்லை!

செல்போன் மட்டும் கெட்டிக்காரி. கம்ப்யூட்டரில் செருகினால் மாணவி ஆகிவிடும். ஓ.டி.ஜி. முனையில் பென்டிரைவ் போட்டால் அதுவே டீச்சர்.

போன வருஷம் எங்க அக்கா லேப்டாப்பில் ஹார்ட்டிஸ்க் டக் டக்னு சத்தம் போட ஆரம்பித்தது. அது சாகப்போகிற அறிகுறி. உள்ளே இறந்துபோன எங்க அப்பத்தாவின் போட்டோக்கள், அப்பாவின் திராட்சைத் தோட்டக் கணக்கு, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் சேர்ந்து 18 ஜிபி. வீட்டில் இருந்தது 2 ஜிபி பென்டிரைவ். ஒன்பது தடவைக்குக் குறையாமல் ஏற்றி இறக்கணும், அதுவரை டிஸ்க் தாங்குமா? சித்தப்பா ஒரு கடையில் இரண்டு முனையும் தட்டையான கேபிள் வாங்கிட்டு வந்தார். "ஏத்தா, ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான இருக்கு, சொருகுனாப் போதும்"னார். சொருகினார். திரையில் ஒன்றுமே வரலை. அதை உடனே பிடுங்கச் சொன்னேன். காரணம், இரண்டு பக்கமும் 5 வோல்ட் தருது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலோ, ஒன்று அணைந்திருந்தாலோ மின்சாரம் எதிர்ப்பக்கம் பாயும், போர்ட்டே போய்விடலாம். இந்தத் தப்பு நடக்கக்கூடாது என்றுதான் பிரிண்டர் கேபிளில் ஒரு முனை தட்டை, ஒரு முனை சதுரம் என்று முதலிலேயே வைத்தார்கள். இரண்டு முனையும் தட்டையான இந்த மாதிரி சாதாரண கேபிள் யூ.எஸ்.பி. விதிக்கே பொருந்தாதது.

கம்ப்யூட்டர்களை இணைக்கவே லிங்க் கேபிள் என்று ஒன்று உண்டு. நடுவில் தீப்பெட்டி போல ஒரு புடைப்பு இருக்கும், உள்ளே ஒரு சிப். அது இரண்டு பக்கமும் மாணவியாக நடித்து, இங்கே கேட்டதை அங்கே சொல்லும். அது வேலை செய்யவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்க. மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். டிரைவர் இரண்டு கம்ப்யூட்டரிலும் போடணும், ஒன்றில் போட்டால் பத்தாது. டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்க போர்ட்டில் செருகிப் பார்ப்பதும் நல்லது.

எங்களுக்கு அது கிடைக்கலை. மாமா முன்பு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார், அவரிடம் லேன் கேபிள் இருந்தது. அதைச் செருகினதும் போர்ட்டில் விளக்கு எரிந்தது. (மிகப் பழைய கம்ப்யூட்டர்கள் என்றால் கிராஸ் கேபிள் வேணும்.) ஆனா ஒன்றுக்கு ஒன்று தெரியலை. ஐ.பி. முகவரியைப் பார்த்தால் ஒன்று 192.168 என்று தொடங்குது, மற்றது 169.254 என்று. வேற வேற தெருவில் நின்றால் எப்படிப் பேசும்? ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதுக்கு 192.168.1.2, இரண்டுக்கும் சப்நெட் 255.255.255.0 என்று கொடுத்தேன். அப்பவும் பிங்குக்குப் பதில் இல்லை. தடுத்தது பயர்வால். அதில் பைல் ஷேரிங்கை அனுமதித்ததும் பதில் வந்துவிட்டது.

முதலில் அப்பத்தா போட்டோ, அடுத்து தோட்டக் கணக்கு, கடைசியாகத்தான் வீடியோ என்று வரிசை வைத்தோம். சிறிய பைல், திரும்பக் கிடைக்காத பைல் முன்னால் போகணும். வீடியோ பாதியில் நின்றுவிட்டது, டிஸ்க் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தாலி கட்டுவது வரைக்கும் இருக்கு, பந்தி இல்லை.

லேன் கேபிள் இப்ப எங்க வீட்டில்தான் சும்மா இருக்கு. யாருக்காவது வேணும்னா முதல் நாளே சொல்லுங்க, கொண்டு வருகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி