கண்ணில் மட்டை பட்டால்



செம்பனைக் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்கிறார். மட்டை சரியும்போது முள்ளோ, ஓலை நுனியோ கண்ணில் படுவதுண்டு. "கொஞ்சம் உறுத்துகிறது, நாளைக்குச் சரியாகிவிடும்" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே வீடு திரும்புகிறார். அந்த 'நாளைக்கு' என்ற சொல் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

கருவிழிக்கு மேலே, கைக்கடிகாரக் கண்ணாடியைப் போல, ஒளி புகும் படலம் ஒன்று இருக்கிறது. அதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் கீறல் விழுந்தால், கதவு திறந்து கிடக்கும் வீட்டைப் போலாகிவிடும். கிருமி நுழையும், படலம் புண்ணாகும். இதைத்தான் கருவிழி அழற்சி என்கிறோம். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதையே.

சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கண்ணைக் கெடுத்துவிடும். ஓலை, முள், மண் வழியாக நுழையும் பூஞ்சணமோ மெல்ல வளர்ந்து, பல நாள் கழித்தும் தலைகாட்டும்.

நேபாளத்தில் பக்தபூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. கருவிழி கீறப்பட்டவர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பை மூன்று நாள் இட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. தாமதித்து வந்தவர்களில் சிலருக்கு வந்தது.

ஆகவே, கண்ணைக் கசக்காதீர்கள். தூசானால் சுத்தமான நீரில் கழுவுங்கள். முள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கே சாயம் இட்டு நீல ஒளியில் பார்ப்பார்கள். கீறல் பச்சையாக மின்னும். பால் உறைய வைக்கும் அசிட்டோ, களைக்கொல்லியோ தெறித்தால், முதலில் அரைமணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே புறப்பட வேண்டும்.

நாக்கால் தூசு எடுப்பது, தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது ஆகியவை வேண்டாம். அவற்றாலும் கிருமி சேரும். வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தையும் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், குணமாகிவிட்டதென்று நினைப்போம், உள்ளே பூஞ்சணம் செழித்து வளரும்.

வலி, கண்ணீர், வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. புண்ணுக்குத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை, இரவிலும் மருந்து விட வேண்டியிருக்கும். அது ஒருவரால் ஆகாது. வீட்டார் முறைவைத்து விழித்திருக்க வேண்டும்.

வேலையில் பட்ட அடியானால் மண்டோரிடம் அன்றே சொல்லிப் பதிந்து வையுங்கள். சொக்சோ உதவி கோர அது துணையாகும். இவை யாவற்றிலும் எளிது, வேலைக்குப் போகையில் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது. வியர்வையில் அது மங்கும்தான், துடைத்தால் தெளியும். பூ விழுந்த கண்ணைத் துடைத்துத் தெளியவைக்க முடியாதே!